கேமரூனுக்கு எழுதிய விடுமுறைக் கடிதம்

உலகப் படத்தை வாங்கி வந்தவர் முதலாளிதான். பள்ளிக்கூடங்களுக்கு விற்பார்களே, மேலும் கீழும் கட்டை வைத்துச் சுருட்டும் பெரிய மேப், அது. ஆபீஸ் சுவரில் காலண்டர் தொங்கிய ஆணியில் அதை மாட்டிவிட்டு, எந்தெந்த நாட்டுக்கு நாம் போகலாம் என்று கேட்டார். போவது என்றால் விமானம் ஏறி இல்லை, வெப்சைட் வழியாக.

எங்கள் கம்பெனி வாழை மட்டையிலிருந்து நார் எடுக்கும் மெஷின் செய்கிறது. திருவெறும்பூர் போகும் வழியில் ஒரு ஷெட், அதை ஒட்டி ஒரு ஆபீஸ். தார் வெட்டியபின் வயலில் கிடக்கும் வாழையை உருளைக்குள் விட்டால் மறுபக்கம் நாராக வரும். இங்கிலீஷில் ஒரு வெப்சைட் ஏற்கெனவே இருந்தது. உலகமே பார்க்கும் என்று திறந்த அந்த வெப்சைட்டைப் பார்த்து விசாரித்தவர்கள் எல்லாம் துறையூர்க்காரர்களும் முசிறிக்காரர்களும்தான். அவர்கள் பஸ் ஏறி நேரிலேயே வந்திருக்கலாம்.

"ஒவ்வொரு நாட்டுக்கும் அவா பாஷைலயே ஒரு சைட் இருக்கணுமாம். இப்ப எல்லாரும் அப்படித்தான் பண்றாளாம். எந்த நாடு, எந்த பாஷை, யோசிச்சு சொல்லுங்கோ" என்றார் முதலாளி. ஸ்ரீரங்கத்துக்காரர். கோயில் வீதியில் வீடு. எந்தக் கூட்டத்தையும் பெருமாளில் ஆரம்பித்துப் பெருமாளில் முடிப்பவர்.

அக்கவுண்டன்ட் முதலில் கையைத் தூக்கினார். அவரும் ஸ்ரீரங்கம்தான். "அமெரிக்கா. சந்தேகமே வேண்டாம்" என்றார். அவர் மகன் நியூஜெர்சியில் இருக்கிறான். அடுத்து ஃபோர்மேன். துறையூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். "குவைத்து போடலாம் சார். மச்சான் அங்கதான் இருக்கான், நல்லா கவனிச்சுக்குவான்" என்றார். முதலாளி தன் பங்குக்குக் கனடாவைத் தொட்டுக் காட்டினார். தொட்ட இடத்தில் அவருடைய பெண் வசிக்கிறாள்.

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். அது ஊருக்கே தெரியும். வெப்சைட், விளம்பரம், கடிதப் போக்குவரத்து எல்லாம் என் பொறுப்பு என்பதால் அன்று இன்னும் சீக்கிரம் வந்தது.

"சார், அங்கெல்லாம் வாழைமரமே கிடையாதுங்க. கனடாவுல பனி கொட்டுது. குவைத்துல மணல். வாழையே இல்லாத ஊருக்கு வாழை மெஷினை வித்து என்ன பண்றது?"

சொந்தக்காரன் இல்லாத நாடும் நாடுதானா என்று யோசிப்பதுபோல எல்லோரும் மேப்பைப் பார்த்தார்கள். நம் ஊரில் ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாக ஓர் உலகப் படம் இருக்கிறது. அதில் பிள்ளையோ மச்சானோ வேலை பார்க்கும் ஊர்கள் மட்டும்தான் இருக்கும், மற்றதெல்லாம் கடல்.

"பெருமாளே தெற்கு பாத்துதான் சயனிச்சிண்டிருக்கார், லங்கையைப் பாத்துண்டு" என்றார் முதலாளி. "அதனால ஸ்ரீலங்கா ஒண்ணு." அங்கே வாழை உண்டு, தமிழும் உண்டு. அதோடு பெருமாளின் பார்வையை எதிர்த்து வாதம் செய்யும் அளவுக்கு எனக்குத் தைரியம் போதாது. வெப்சைட்டுக்குத் தமிழ் ஒரு மொழியானது.

வாழை விளையும் நாடுகளை நான் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். கேமரூன், காங்கோ, ஐவரி கோஸ்ட், மூன்றிலும் பிரெஞ்சு; ஈக்வடாரில் ஸ்பானிஷ், பிரேசிலில் போர்ச்சுகீஸ். வாசித்துக் காட்டினேன். ஒரு நாட்டிலும் யாருக்கும் ஆள் இல்லை. முதலாளிக்கு அது பெரிய குறையாகப் பட்டது. பிறகு அவருக்கு ஒரு யோசனை வந்தது.

"பாஷை தெரிஞ்சவா நம்மகிட்ட இருக்காளான்னு பாப்போம். ஸ்கூல்ல செகண்ட் லாங்வேஜ் என்ன எடுத்தேள்? எத்தனை மார்க்?"

அக்கவுண்டன்ட் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சமஸ்கிருதம். இருநூறுக்கு நூத்தித் தொண்ணூத்தெட்டு." முதலாளி மேப்பை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு, பெருமூச்சுவிட்டு, என் பக்கம் திரும்பினார்.

"நீ பிரெஞ்சுன்னு அப்ளிகேஷன்ல போட்டிருந்தியேம்மா?"

போட்டிருந்தேன். தெரிந்த மொழிகள்: தமிழ், ஆங்கிலம், பிரெஞ்சு. கல்யாணம், குழந்தை, மாமியாரின் உடல்நிலை என்று ஒன்பது வருடம் வீட்டில் இருந்துவிட்டு வேலை தேடியபோது, என் கையில் காட்டுவதற்குப் பெரிதாக எதுவும் இல்லை. பிளஸ் டூவில் பிரெஞ்சில் இருநூற்றுக்கு நூற்றுத் தொண்ணூற்றாறு என்பது ஒன்றுதான் பார்க்க லட்சணமாக இருந்தது. இந்த முதலாளி அதைப் பார்த்துத்தான் என்னை வேலைக்கு எடுத்தார் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

பிரெஞ்சு எடுத்தால் மார்க் வரும் என்பது எங்கள் காலத்துத் திருச்சிப் பள்ளிகளில் பால்குடி மறக்காத குழந்தைக்கும் தெரியும். கைடில் இருக்கும் பத்துக் கடிதம், ஐந்து உரையாடல், ஒரு பக்க சுயபுராணம், இவ்வளவையும் மனப்பாடம் செய்தால் தீர்ந்தது. அர்த்தம் வேண்டாம், எழுத்துப் பிசகாமல் எழுதினால் போதும் என்று டீச்சரே சொல்லிவிடுவார். பரீட்சையில் பத்தில் ஒன்று வரும். எங்கள் வருடம் வந்தது, விடுமுறைக்கு வீட்டுக்கு வரும்படி தோழிக்கு எழுதும் கடிதம். நான் ஐந்து நிமிடத்தில் எழுதி முடித்துவிட்டு ஜன்னல் வழியாகக் காக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கடிதத்துக்கு வெளியே எனக்குப் பிரெஞ்சு கிடையாது.

"தெரியும் சார்" என்றேன். அப்போதே "மறந்துபோச்சு சார்" என்று சொல்லியிருக்கலாம். வேலை போய்விடுமோ என்ற பயம். அதைவிட, நூற்றுத் தொண்ணூற்றெட்டுக்காரர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆக, மகா ஆலோசனைக்குப் பிறகு, மார்க்கை வைத்து பிரெஞ்சு முடிவானது. ஸ்பானிஷ் பிறகு பார்க்கலாம் என்று விட்டாயிற்று, அதில் யாரும் மார்க் வாங்கவில்லை. பிரெஞ்சுப் பக்கத்தை நான் வீட்டில் உட்கார்ந்து, கம்ப்யூட்டரையே மொழிபெயர்க்க வைத்து, அப்படியே ஏற்றினேன். முதலாளி திறந்து பார்த்து, ஒரு எழுத்தும் புரியாததால் மிகவும் திருப்தியடைந்தார்.

நான்கு மாதம் கழித்து, ஒரு புதன்கிழமை, கேமரூனிலிருந்து பிரெஞ்சில் ஒரு மெயில் வந்தது.

செய்தி ஷெட் வரை போய், லேத்தை நிறுத்திவிட்டு ஆட்கள் வந்துவிட்டார்கள். நான் வயிற்று வலி என்று சொல்லி பாத்ரூமுக்குள் போய், போனில் மொழிபெயர்த்துப் படித்தேன். வாழை பயிரிடும் பெண்களின் கூட்டுறவுச் சங்கம். எழுதியவர் அதன் தலைவி. மோட்டார் என்ன சக்தி, தங்கள் ஊர்ப் பருத்த வாழைக்கு மெஷின் தாங்குமா, உதிரி பாகங்கள் கிடைக்குமா என்று ஒழுங்காக மூன்று கேள்வி. வெளியே வந்து, ஏதோ கண்ணாலேயே படித்தவள்போலச் சொன்னேன்.

"இப்பவே பதில் போடு. பன்னெண்டு மணிக்கு ராகுகாலம்" என்றார் முதலாளி. மணி பதினொன்றே முக்கால். "நான் தமிழ்ல சொல்றேன், நீ பிரெஞ்சுல அடி."

வீட்டுக்குப் போய் நிதானமாக எழுதுகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். "இத்தனை மார்க்குக்கு நிதானம் என்னத்துக்கு?" என்று ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். பின்னால் அக்கவுண்டன்ட், ஃபோர்மேன், இன்னும் ஏழெட்டுப் பேர். ஆயுளில் முதல் தடவையாக ஒரு மனுஷி பிரெஞ்சு எழுதுவதைப் பார்க்க வந்தவர்கள். அத்தனை கண்களுக்கு முன்னால் மொழிபெயர்க்கும் பக்கத்தைத் திறப்பது எப்படி? விரல்களை வைத்தேன். இருபத்துநாலு வருடமாக உள்ளே கிடந்த ஒரே சரக்கு, அதுவாகவே வந்தது.

"மோட்டார் ரெண்டு ஹெச்பின்னு போடு" என்றார் முதலாளி.

'அன்புள்ள தோழி, நான் நலம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன்' என்று பிரெஞ்சில் அடித்தேன்.

"எந்த வாழையா இருந்தாலும் தாங்கும். நம்ம மெஷின் உருளை அப்படி."

'எங்கள் வீடு பெரியது. தோட்டம் இருக்கிறது. இரண்டு நாய்கள் இருக்கின்றன.'

"ஒரு வருஷத்துக்கு ஸ்பேர் பார்ட்ஸ் நம்ம பொறுப்பு."

'காலையில் நாம் ஆற்றில் நீந்துவோம். மாலையில் சினிமாவுக்குப் போவோம். என் அம்மா உனக்காகக் கேக் செய்வார்.'

அக்கவுண்டன்ட் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரையில் குனிந்தார். கணக்கு பார்த்தே பழகிய கண். "ரெண்டு ஹெச்பின்னாரே, ரெண்டைக் காணுமே?"

நான் நாய்களைத் தொட்டுக் காட்டினேன். "பிரெஞ்சுல எண்ணை எழுத்தாலதான் எழுதுவாங்க சார்." ஃபோர்மேன் 'அடேயப்பா' என்பதுபோல் தலையாட்டினார். உன் பதிலை ஆவலுடன் எதிர்பார்க்கும் உன் தோழி என்று நான் முடித்த அதே நிமிடம், "ரங்கா" என்று சொல்லி முதலாளியே தன் விரலால் அனுப்பும் பொத்தானை அமுக்கினார். பன்னிரண்டு அடிக்க இரண்டு நிமிடம் இருந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல நான் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் பஸ்ஸில் நின்றபடியே, மோட்டார், உருளை, உதிரி பாகம் எல்லாவற்றையும் போனில் மொழிபெயர்த்து அந்த அம்மாளுக்கு இன்னொரு மெயில் அனுப்பினேன். முதல் கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. எப்படி எழுதுவது, அதற்குக் கடிதம் எதுவும் நான் மனப்பாடம் செய்திருக்கவில்லையே.

ஒரு வாரத்தில் பதில் வந்தது. மெஷின் பார்க்க எப்படியும் இந்தியாவுக்கு வருகிறாராம். வடக்கே ஒரு கம்பெனிக்கு மட்டும் போவதாக இருந்தாராம். அன்பான அழைப்பைப் பார்த்தபின் எங்கள் ஊருக்கும் வந்து மூன்று நாள் தங்குவதாக முடிவு செய்திருக்கிறாராம். முதலாளி சட்டைப்பையில் இருந்த பெருமாள் படத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வருகிறவர் வாயைத் திறந்து ஒரு வாக்கியம் பேசினால் என் பிழைப்பு முடிந்தது. பொய் சொல்லி வேலைக்குச் சேர்ந்தவள் என்று எல்லோர் முன்னாலும் ஆகிவிடும். நாற்பத்திரண்டு வயதில் இன்னொரு வேலையை யார் கொடுப்பார்கள்?

ஏர்போர்ட்டில் மாலை, பொன்னாடை சகிதம் நின்றோம். வந்தவர் என்னைவிட ஒரு பத்துப் பதினைந்து வயது மூத்தவர். உயரம், கனத்த குரல், பெரிய பெரிய பூப்போட்ட கவுன், தலையில் அதே துணியில் கட்டு. முதலாளி என்னை முன்னால் தள்ளினார். "பேசும்மா."

வணக்கம், நலமா, என் பெயர் இன்னது, நான் திருச்சியில் வசிக்கிறேன் என்று நான்கு வாக்கியம் சொன்னேன். மனப்பாடம் வாழ்க. அவர் முகம் மலர்ந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு, கொள்ளிடத்தில் தண்ணீர் திறந்துவிட்டதுபோலப் பேச ஆரம்பித்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆமாம், ஆமாம் என்று தலையாட்டினேன்.

"என்ன சொல்றா?"

"பயணம் சௌகரியமா இருந்துச்சாம் சார்."

அந்த அம்மாள் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு முதலாளியிடம் திரும்பி, நிதானமான ஆங்கிலத்தில், "இவருடைய அம்மா வரவில்லையா என்று கேட்டேன்" என்றார். ஆங்கிலம் தெரியும் என்று யாருக்குத் தெரியும்! முதலாளி என்னைப் பார்த்தார். நான் வண்டி எங்கே நிற்கிறது என்று தேடப் போய்விட்டேன்.

ஷெட்டில் அவர் வேறு ஆளாக இருந்தார். பூப்போட்ட கவுனை இழுத்துச் செருகிக்கொண்டு குனிந்து உருளையைத் தட்டிப் பார்த்தார், தானே மட்டையை உள்ளே விட்டார். கை மாட்டினால் என்ன ஆகும் என்று ஃபோர்மேனிடம் இரண்டு முறை கேட்டார். ஃபோர்மேன் தன் சுண்டுவிரலைக் காட்டினார், அதில் நுனி இல்லை. அதற்குப் பிரெஞ்சு தேவைப்படவில்லை.

மதியம் முதலாளி வீட்டில் இலை போட்டுச் சாப்பாடு. நெய் வழிய அக்காரவடிசில் வந்தபோது அந்த அம்மாள் என் பக்கம் சாய்ந்து, "கேக்?" என்றார். "கேக்" என்றேன் நான், இலையைப் பார்த்துக்கொண்டு.

மறுநாள் ஆற்றைப் பார்க்க வேண்டும் என்றார். அம்மா மண்டபத்துக்கு நான் மட்டும் கூட்டிப்போனேன். காவிரியில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. படித்துறையில் ஒரு பக்கம் தர்ப்பணம், ஒரு பக்கம் துணி துவைப்பு. அவர் முழங்கால் அளவுத் தண்ணீரில் இறங்கி நின்று, என்னைப் பார்க்காமலே ஆங்கிலத்தில் சொன்னார்:

"நான் இருபத்தெட்டு வருடம் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தவள். இந்தக் கடிதத்தை எத்தனை முறை திருத்தியிருப்பேன் தெரியுமா? சில பிள்ளைகள் பூனை எழுதுவார்கள், சில பேர் நாய். கேக் மட்டும் மாறவே மாறாது."

ஆற்றில் விழுந்துவிடலாம் என்றுகூடத் தோன்றியது, ஆனால் அவ்வளவு ஆழம் இல்லை.

"உங்களிடமிருந்து இரண்டு கடிதம் வந்தது. இரண்டாவது கம்ப்யூட்டர் எழுதியது, படித்ததுமே தெரிந்துவிட்டது. முதலாவது ஒரு பள்ளிக்கூடப் பெண் எழுதியது. ஒரு மெஷின் கம்பெனியில் உட்கார்ந்து அதை எழுதுகிற பெண் யார் என்று பார்க்காமல் எப்படி இருப்பது?"

"எத்தனை மார்க் போடுவீங்க?" என்று கேட்டேன். இந்த நிலைமையிலும் எனக்கு அதுதான் வாயில் வந்தது. வளர்ப்பு அப்படி.

"இருபதுக்குப் பதினொன்று. எழுத்துகளின் மேல் போடவேண்டிய குறி ஒன்றும் போடவில்லை. கையெழுத்துப் போடும் இடத்தில் பெயரும் இல்லை."

எங்கள் ஊரில் இதற்குத்தான் இருநூற்றுக்கு நூற்றுத் தொண்ணூற்றாறு கொடுத்தார்கள் என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் தர்ப்பணம் செய்துகொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். முதலாளியிடம் சொல்வாரா என்று கடைசியில் கேட்டே விட்டேன். அது தன் வேலை இல்லை என்றார். பிறகு கரையேறி உட்கார்ந்து, தனக்கு ஆங்கிலம் வரும், ஆனால் சங்கத்துப் பெண்களுக்கு வராது, எங்கள் பிரெஞ்சுப் பக்கத்தை அவர்களுக்கு வாய்விட்டு வாசித்துக் காட்டியபோது, நம்மையும் ஒருத்தர் நினைத்திருக்கிறாரே என்று ஒரு பெண் சொன்னதாகச் சொன்னார். அந்த நினைத்த லட்சணம் எனக்குத் தெரியும் என்பதால் வெட்கமாக இருந்தது.

அவர் இரண்டு மெஷினுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டுப் போனார். அடுத்த நாளே கூட்டம். மேப்பில் கேமரூன் மேல் குங்குமம் வைத்திருந்தார் முதலாளி.

"மெஷினோட ஃபோர்மேனும் நீயும் போறேள். அவர் ஓட்டிக் காட்டட்டும், நீ பிரெஞ்சுல அந்தப் பொம்மனாட்டிகளுக்கு எடுத்துச் சொல்லணும்."

எனக்கு ஃபோர்மேனின் சுண்டுவிரல் கண்ணில் பட்டது. கடிதத்தில் மோட்டாருக்குப் பதில் நாய் எழுதினால் ஒருவருக்கும் காயமில்லை. கையை எடு என்பதற்குப் பதில் ஆற்றில் நீந்துவோம் என்று நான் சொன்னால் ஒரு பெண்ணுக்கு விரல் போய்விடும். வேலை போனால் போகட்டும் என்று எழுந்து நின்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். கைடு, காக்கை, பாத்ரூம், நாய், கேக், எதையும் விடவில்லை. "எனக்கு பிரெஞ்சு தெரியாதுங்க சார். பொய் சொல்லித்தான் சேர்ந்தேன்" என்று முடித்தேன்.

முதலாளி அக்கவுண்டன்ட் பக்கம் திரும்பினார்.

"கேட்டேளா? இதுக்குத்தான் நைச்சியம்னு பேரு. மகான்கள்லாம் இப்படித்தான், எல்லாம் தெரிஞ்சிண்டு, அடியேனுக்கு ஒண்ணும் தெரியாதும்பா. நூத்தித் தொண்ணூத்தாறு வாங்கினவ சொல்றா பாருங்கோ. இந்த அடக்கம் யாருக்கு வரும்?"

"சார், நிஜமாவே தெரியாதுங்க."

"பாத்தேளா, மறுபடியும்."

அக்கவுண்டன்ட்டுக்கு மட்டும் புரிந்துவிட்டது. அவர் தன் நூற்றுத் தொண்ணூற்றெட்டை நினைத்துக்கொண்டாரோ என்னவோ, தலையைக் குனிந்துகொண்டு வாயே திறக்கவில்லை.

உண்மையைச் சொல்லியும் தப்பிக்க முடியவில்லை என்றால், வேறு வழி ஒன்றுதான். அன்றே கேமரூன் அம்மாளுக்கு எழுதினேன், இங்கிலீஷில். மெஷினின் எச்சரிக்கைக் குறிப்புகளை அவரே பார்த்துத் திருத்தித் தர ஒப்புக்கொண்டார், பதிலுக்கு ஞாயிற்றுக்கிழமை தோறும் நான் தன்னிடம் போனில் பாடம் படிக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டார். பொல்லாத டீச்சர். ஒப்பிக்க ஆரம்பித்தால் உடனே நிறுத்தி, பாதியிலிருந்து வேறு கேள்வி கேட்பார். ஐந்து மாதமாக வாங்கிக் கட்டிக்கொள்கிறேன். அடுத்த மாதம் பயணம், பயம் இன்னும் போகவில்லை.

போன ஞாயிறு, எச்சரிக்கைக் குறிப்பில் ஐந்தாவதை வாசித்துக்கொண்டிருந்தேன். அவர் நடுவில் குறுக்கிட்டு ஏதோ கேட்டார். உங்கள் ஊரில் மழையா, சத்தம் கேட்கிறதே என்று கேட்கிறார். மழை இல்லை, பக்கத்து வீட்டில் தொட்டி நிரம்பி வழிகிறது, அவர்கள் எப்போதும் மோட்டாரை நிறுத்த மறந்துவிடுவார்கள் என்றேன். அப்படியா என்று சொல்லிவிட்டு அவர் ஆறாவதுக்குப் போனார். நான் போகவில்லை. அவர் கேட்டதும் பிரெஞ்சு, நான் சொன்னதும் பிரெஞ்சு, தொட்டி வழியும் கடிதம் எந்தக் கைடிலும் கிடையாது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. போனைப் பிடித்துக்கொண்டு அழுதேன், அவர் அங்கிருந்து என்ன ஆயிற்று, என்ன ஆயிற்று என்று கேட்டுக்கொண்டே இருந்தார், அதுவும் எனக்குப் புரிந்தது.